ஷீட் மெட்டல் டிராயிங்கில் டேட்டம் டார்கெட் வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வளைத்து எடுத்த ஒரு பிராக்கெட், ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திராவின் தடா பக்கம் வெல்டிங்குக்குப் போகிறது. இங்கே அளந்தால் உயரம் 25.2 மி.மீ. அங்கே அளந்தால் 25.6. டிராயிங் அனுமதிப்பது 25.4 வரைதான். லாட் திரும்பி வருகிறது. இரண்டு பக்கமும் கருவியைச் சரிபார்க்கிறார்கள், கருவியில் ஒரு குறையும் இல்லை. இங்கே பாகத்தை மூன்று பேடில் (சின்னத் தாங்கு மேடை) உட்கார வைத்து அளந்திருக்கிறார்கள். அங்கே கிரானைட் மேசையில் படுக்க வைத்து அளந்திருக்கிறார்கள். தகடு எங்கே தொட்டு நின்றதோ அதைப் பொறுத்துத்தான் அளவு வந்திருக்கிறது.

பாகத்தை எங்கே தொட்டு நிறுத்தி அளக்க வேண்டும் என்பதை டிராயிங்கிலேயே எழுதி வைப்பதுதான் டேட்டம் டார்கெட். டேட்டம் என்றால் அளவுகள் தொடங்கும் ஆதார முகமோ துளையோ. குறியீட்டைக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது வரிசையில். முதலில் குறியைப் போட்டுவிட்டு, அப்புறம் பாகம் எப்படி உட்காரும் என்று யோசிக்கிறார்கள். அதைத் திருப்பிச் செய்ய வேண்டும்.

வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 1.6 மி.மீ. தகட்டில் இசட் வடிவ பிராக்கெட், நீளம் 300. கீழ் ஃப்ளேஞ்ச் (வளைவை ஒட்டிய தட்டைப் பகுதி) அகலம் 70. அது ஃபிரேமில் ஸ்பாட் வெல்ட் ஆகும். நடுவில் 25 உயரம். மேல் ஃப்ளேஞ்ச் அகலம் 50. அதன்மேல் ஒரு கவர் உட்காரும். கீழ் ஃப்ளேஞ்சில் 10.2 விட்டத்தில் ஒரு துளையும் அதிலிருந்து 220 தள்ளி ஒரு ஸ்லாட்டும் உண்டு.

1. பென்சிலை எடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அசெம்பிளி டிராயிங் வேண்டும். பாகத்தின் தனி டிராயிங்கை மட்டும் பார்த்து டேட்டம் முடிவு செய்ய முடியாது. எந்த முகம் எதன்மேல் உட்காருகிறது, எந்தத் துளையில் பின் நுழைகிறது என்பது அசெம்பிளியில்தான் தெரியும்.

ஆபரேஷன் வரிசை வேண்டும். எந்தத் துளை பிளாங்கிலேயே (வளைக்கும் முன் வெட்டிய தட்டைத் தகடு) அடிக்கப்படுகிறது, எது வளைத்த பிறகு அடிக்கப்படுகிறது, பர் (வெட்டிய விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிர்) எந்தப் பக்கம் வருகிறது என்பதெல்லாம். இதை டிசைன் அறையில் உட்கார்ந்து ஊகிக்காதீர்கள். பிரஸ் ஷாப்புக்கு இறங்கிப் போய்க் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

வெல்டிங் ஃபிக்ஸ்சரின் படம் அல்லது கேட் மாடல் கிடைத்தால் மிக நல்லது. அது வேறு கம்பெனியில், வேறு மாநிலத்தில் இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். பெண்டிங்கில் நிறுத்தும் இடம், வெல்டிங்கில் நிறுத்தும் இடம், கேஜில் (பாகத்தைப் பொருத்திச் சோதிக்கும் சாதனம்) நிறுத்தும் இடம் மூன்றும் ஒன்றாக இருந்தால் பாதிச் சண்டை வராது.

எந்த ஸ்டாண்டர்டுபடி டிராயிங் போகிறது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்க ஸ்டாண்டர்டான ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5, சர்வதேச ஸ்டாண்டர்டான ஐ.எஸ்.ஓ. 5459 இரண்டிலும் டார்கெட் குறி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பாகத்தைப் பிடித்து அளப்பதா, விட்டு அளப்பதா என்கிற விஷயத்தை இரண்டும் வேறு விதமாகச் சொல்லும். எட்டாவது படியில் அது வரும்.

2. டார்கெட் தேவையா என்று முதலில் கேளுங்கள்

எல்லாத் தகட்டுப் பாகத்துக்கும் டார்கெட் வேண்டாம். 6 மி.மீ. தகட்டில் வெட்டிய சின்ன பேஸ் பிளேட் என்றால் முழு முகத்தையும் டேட்டமாக வைத்தாலே போதும். அது எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி உட்காரும்.

தகடு மெல்லிசாகி, நீளமாகி, வளைவுகள் சேரச் சேர முகம் தட்டையாக இருக்காது. ஸ்ப்ரிங்பேக் (வளைத்த தகடு கொஞ்சம் திரும்பி விரிவது) ஒரு பக்கம், கட்டிங்கில் வரும் முறுக்கு ஒரு பக்கம். நம் உதாரணத்தில் 300 நீள ஃப்ளேஞ்ச் அரை மி.மீ. வில் போல் நிற்கலாம். மேசையில் வைத்தால் எந்த மேடு முதலில் தொடுகிறதோ அதில் உட்காரும். அடுத்த பீஸில் மேடு வேறு இடத்தில் இருக்கும். இப்படிப்பட்ட பாகத்துக்கு டார்கெட் கட்டாயம்.

ஒரு சோதனை உண்டு. பாகத்தை மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் தட்டுங்கள். ஆடினால் டார்கெட் வையுங்கள்.

3. ஏ முகத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் டேட்டம், அதாவது ஏ, எப்போதும் ஒரு முகமாக இருக்கட்டும், துளையாக வேண்டாம். இயந்திரத்தில் கடைந்த பாகங்களின் டிராயிங் போட்டுப் பழகியவர்கள் இங்கே தவறுகிறார்கள். 40 மி.மீ. ஆழமுள்ள துளையில் பின் போனால் அது பாகத்தை நேராக நிறுத்தும். 1.6 மி.மீ. தகட்டுத் துளையில் பின் போனால் பாகம் எந்தப் பக்கமும் சாயும். சாய்வை நிறுத்துவது முகம், நகர்வை நிறுத்துவது துளை.

எந்த முகம்? ஃபிரேமோடு சேரும் கீழ் ஃப்ளேஞ்சின் அடிப்பக்கம். கவர் உட்காரும் மேல் ஃப்ளேஞ்ச் அளக்கப்பட வேண்டிய இடம். அதை டேட்டமாக வைத்தால் வளைவின் பிழையெல்லாம் வெல்டிங் பக்கம் போய் நிற்கும்.

ஏ டார்கெட் மூன்றும் தகட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு அடியிலும் ஒன்று மேலிருந்தும் வைத்தால் தகட்டின் தடிமன் மாறும்போதெல்லாம் பாகம் சாயும். காயில் (தகட்டுச் சுருள்) மாறினால் அளவு மாறுகிறது என்று ஆபரேட்டர் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

பர் வரும் பக்கத்தையும் டிராயிங்கில் எழுதிவிடுங்கள். ஏ முகத்துக்கு எதிர்ப்பக்கம் பர் வருமாறு பிளாங்கிங் திசையைக் கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

4. ஏ1, ஏ2, ஏ3 எங்கே?

மூன்று கால் ஸ்டூல் எந்தத் தரையிலும் ஆடாது. அதே காரணத்துக்காகத்தான் மூன்று டார்கெட். ஆனால் மூன்று என்ற எண்ணிக்கை மட்டும் போதாது, அவற்றுக்கு நடுவே உள்ள தூரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

உதாரணத்தில் 10.2 துளைதான் இரண்டாவது டேட்டம் பி. அது கீழ் ஃப்ளேஞ்ச் அகலத்தின் நடுவில் இருக்கிறது. அதன் மையத்தைப் பூஜ்யமாக வைப்போம். நீளவாக்கு முதல் எண், அகலவாக்கு இரண்டாவது எண். ஏ1-ஐ −20, −20-இலும் ஏ2-ஐ 240, −20-இலும் ஏ3-ஐ 110, 20-இலும் வைக்கிறோம். ஏ1, ஏ2 சேரும் கோட்டிலிருந்து ஏ3 40 மி.மீ. தள்ளி இருக்கிறது. மேல் ஃப்ளேஞ்சின் கடைசி விளிம்பு அதே கோட்டிலிருந்து சுமார் 105 மி.மீ. தள்ளி இருக்கிறது.

இப்போது ஏ3 பேடில் 0.1 மி.மீ. தூசியோ பர்ரோ சிக்கியது என்று வையுங்கள். கடைசி விளிம்பில் அது 0.1 பெருக்கல் 105 வகுத்தல் 40, அதாவது 0.26 மி.மீ. ஆகத் தெரியும். ஏ3-ஐ இன்னும் உள்ளே இழுத்து 20 மி.மீ. மட்டும் விட்டிருந்தால் 0.5-ஐத் தாண்டியிருக்கும். டார்கெட் வைத்த ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கால்குலேட்டர்கூட வேண்டாம்.

‘அப்படியானால் ஏ3-ஐ மேல் ஃப்ளேஞ்சிலேயே வைத்துவிடலாமே, தூரம் கிடைக்குமே’ என்று ஒரு யோசனை வரும். கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களுக்கும் வருகிறது. வைக்கலாம், இரண்டு தளத்துக்கும் நடுவே 25 என்று கட்டமிட்ட அளவு (கட்டத்துக்குள் போடும், டாலரன்ஸ் அதாவது விலகல் அனுமதி தனியாக இல்லாத அளவு) கொடுத்தால் ஸ்டாண்டர்டும் அனுமதிக்கும். ஆனால் நடுவில் இரண்டு வளைவுகள் இருக்கின்றன. வளைவுக் கோணம் அரை டிகிரி மாறினால்கூட மேல் ஃப்ளேஞ்ச் ஏறி இறங்கும். ஏ3 அங்கே இருந்தால் கேஜ் அந்தப் பிழையைக் காட்டாது; கீழ் ஃப்ளேஞ்சைச் சாய்த்துக் காட்டும். இரண்டு ஃப்ளேஞ்சும் ஒரே கெட்டியான ஃபிரேமில் போல்ட் ஆகிற பாகமாக இருந்தால் மட்டும் அப்படி வையுங்கள். நம் பாகத்தில் வெல்ட் ஆவது கீழ் ஃப்ளேஞ்ச் மட்டும்தான். அதனால் தூரம் குறைவானாலும் மூன்றும் கீழேதான்.

இடம் பார்க்கும்போது இன்னும் சில:

வளைவிலிருந்து விலகி நில்லுங்கள். வளைவுக் கோடு 35-இல் இருக்கிறது. ஏ3 பேட் 10 விட்டம் என்றால் அது 25-இல் முடிகிறது. வளைவின் ஆரமும் தடிமனும் கழித்தாலும் 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கிறது. தகட்டுத் தடிமனைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இடைவெளி விடுவது என் வழக்கம்; வளைவை ஒட்டி முகம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஸ்பாட் வெல்ட் விழும் புள்ளிக்குப் பக்கத்தில் வையுங்கள், அதன்மேலேயே வேண்டாம். பக்கத்தில் இருந்தால் வெல்டிங்கில் பிடிக்கும் நிலையும் அளக்கும் நிலையும் ஒத்துப்போகும். மேலேயே வைத்தால் வெல்ட் பள்ளம் விழுந்த பிறகு பாகத்தைத் திரும்ப அளக்க வழியில்லை.

எம்பாஸ், பார்ட் நம்பர் பஞ்ச் அடிக்கும் இடம், டையில் எஜெக்டர் தடம் விழும் இடம் மூன்றையும் தவிருங்கள். பாகத்தின் எடை மையம் முக்கோணத்துக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள். மேல் ஃப்ளேஞ்ச் கனமாக இருந்தால் க்ளாம்ப் போடும் முன்பே பாகம் கவிழும்.

5. பி, சி: துளையும் ஸ்லாட்டும்

பி என்பது 10.2 துளை. பின் அதில் நுழைந்ததும் இரண்டு திசை நகர்வும் நின்றுவிடும். மிச்சம் இருப்பது சுழற்சி ஒன்றுதான். அதைச் சி ஸ்லாட் நிறுத்தும். இதில் துளைகளே டேட்டம். டார்கெட் வட்டம் ஏ முகத்துக்கு மட்டும் போதும்.

ஸ்லாட்டின் நீளவாக்கு பி துளையை நோக்கி இருக்க வேண்டும். குறுக்காகப் போட்டால் பின் சுழற்சியை நிறுத்தாது, இரண்டு பின்னும் நீளத்துக்காக ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பார்க்கச் சின்னத் தப்பு. டை செய்த பிறகு கண்டுபிடித்தால் செலவு பெரிது.

பி, சி இரண்டும் ஏ இருக்கும் அதே ஃப்ளேஞ்சில், பிளாங்கிலேயே ஒரே ஸ்ட்ரோக்கில் அடிக்கப்படுவதாக இருந்தால் நல்லது. ஒரே ஃப்ளேஞ்சுக்குள் துளைக்கும் துளைக்கும் உள்ள தூரம் வளைத்தாலும் மாறாது. வளைவைத் தாண்டிய தூரம் மாறும்.

6. துளையே இல்லாத பாகம் என்றால்

அப்போது விளிம்பு. நீள விளிம்பில் பி1, பி2. குட்டை விளிம்பில் சி1. முகத்தில் மூன்று, நீள விளிம்பில் இரண்டு, குட்டை விளிம்பில் ஒன்று என்பது கணக்கு.

விளிம்பில் புள்ளி டார்கெட் வேண்டாம், கோடு டார்கெட் போடுங்கள். வெட்டிய விளிம்பில் ஒரு பக்கம் உருண்டும் மறுபக்கம் பர்ரோடும் இருக்கும். 1.6 மி.மீ. தடிமனில் உருண்டை முனை எந்த உயரத்தில் தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிற்கிற உருளைப் பின் தடிமன் முழுவதையும் தொடும்.

பி1, பி2 நடுவே 60 மி.மீ. விட்டுவிட்டு 300 மி.மீ. தள்ளி இருக்கும் துளையை அளக்கச் சொல்வது அடிக்கடி பார்க்கும் காட்சி. விளிம்பில் 0.1 பிழை, அங்கே 0.5 ஆகும். விளிம்பின் இரு கோடிகளுக்கும் தள்ளி வையுங்கள்.

அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டிய பாகமாக இருந்தால் இரு பக்கமிருந்தும் நெருங்கி வரும் டார்கெட் தேவை. அதற்கு நகரும் டார்கெட் என்று தனிக் குறி இரண்டு ஸ்டாண்டர்டிலும் உண்டு.

7. இப்போதுதான் குறி

ஒரு வட்டம், குறுக்கே படுக்கைக் கோடு. கீழ்ப் பாதியில் ஏ1 என்று எழுத்தும் எண்ணும். பரப்பு டார்கெட் என்றால் மேல் பாதியில் அதன் அளவு. நமக்கு விட்டம் 10. புள்ளி என்றால் மேல் பாதி காலி.

புள்ளி இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி. பரப்புக்கு நீளக் கோடும் இரு புள்ளியுமாக எல்லை வரைந்து உள்ளே சாய்கோடுகள்.

வட்டத்திலிருந்து போகும் லீடர் கோடு முக்கியம். டார்கெட் நமக்குத் தெரியும் பக்கத்தில் இருந்தால் முழுக்கோடு. பின்பக்கம் இருந்தால் விட்டுவிட்டு வரும் கோடு. நம் ஏ முகம் அடிப்பக்கம், மேலிருந்து பார்க்கும் படத்தில் மறைந்திருக்கிறது, ஆகவே விட்டுவிட்ட கோடு. இதை முழுக்கோடாகப் போட்டால் கேஜ் செய்பவர் பேடை மேல்பக்கம் வைத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. தமிழில் ‘அடிப்பக்கம்’ என்று பக்கத்தில் எழுதிச் சமாளிக்கும் பழக்கம் எங்கள் பகுதியில் உண்டு. டிராயிங் தடாவில் தெலுங்கு மட்டும் படிக்கிற ஒருவர் கைக்குப் போனதும் அந்தக் குறிப்பு வீண். கோட்டைச் சரியாகப் போடுங்கள்.

அப்புறம், டார்கெட்டின் இடத்தைச் சொல்லும் அளவுகள். இவை கட்டத்துக்குள் போட்ட அளவுகளாக இருக்கட்டும். டாலரன்ஸ் பாகத்துக்கு இல்லை, கேஜ் செய்பவருக்குத்தான். பாகத்தின் டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் அவர் வைத்துக்கொள்வது நடைமுறை.

அளவை எங்கிருந்து தொடங்குவது? பி துளையிலிருந்து. பாகத்தின் மூலையிலிருந்து அல்ல. மூலை டேட்டம் இல்லை, வெட்டும்போது அது நகரும். கேட் மென்பொருளில் மூலையைக் கிளிக் செய்வது சுலபம் என்பதால் இந்தத் தப்பு நிறைய வருகிறது.

8. வளைந்துகொடுக்கும் பாகம்

இதே பிராக்கெட் 0.8 தகட்டில் 900 நீளம் என்றால் மூன்று பேடில் நடுப்பகுதி தொங்கும். அப்போது ஏ4, ஏ5 என்று சேர்க்க வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் பாகம் தானாக எல்லாப் பேடையும் தொடாது. க்ளாம்ப் போட்டு அழுத்தினால்தான் தொடும். எனவே அழுத்துவதையும் டிராயிங்கில் சொல்லியாக வேண்டும்.

குறிப்பில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்த டார்கெட்டுகளில் க்ளாம்ப், எந்த வரிசையில், எவ்வளவு விசையில், எந்த அளவுகளுக்கு. ‘ஏ1 முதல் ஏ5 வரை வரிசையாக, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 40 நியூட்டனில் பிடித்து அளக்கவும்’ என்பது போல. விசை எழுதாவிட்டால் ஒருவர் டாகிள் க்ளாம்பை இறுக்கி வளைந்த பீஸைக்கூட ஓகே ஆக்கிவிடுவார். அசெம்பிளியில் கிடைக்கும் விசையைவிட அதிகம் எழுதாதீர்கள்.

க்ளாம்ப் பேடுக்கு நேர் எதிரே விழ வேண்டும். 20 மி.மீ. தள்ளி விழுந்தாலே தகடு நெம்பி, மறுமுனை தூக்கும்.

ஏ.எஸ்.எம்.இ.யில் குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் பாகம் விட்ட நிலையில் அளக்கப்பட வேண்டும். பிடித்து அளக்கும் குறிப்பைப் போட்ட பிறகு, ஏதாவது ஓர் அளவை மட்டும் விட்ட நிலையில் பார்க்க வேண்டுமானால் அந்த டாலரன்ஸ் பக்கத்தில் வட்டத்துக்குள் எஃப் போடுங்கள். ஐ.எஸ்.ஓ. டிராயிங்கில் டைட்டில் பிளாக் அருகே ஐ.எஸ்.ஓ. 10579-என்.ஆர். என்று எழுதி, பிடிக்கும் நிலையைக் குறிப்பில் தர வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போனால் இரண்டு கம்பெனியும் அவரவர் விருப்பப்படி படிக்கும்.

9. டாலரன்ஸ் கட்டம்

மேல் ஃப்ளேஞ்சுக்கு சர்ஃபேஸ் ப்ரொஃபைல் (முகம் முழுவதும் இருக்க வேண்டிய பட்டையின் மொத்த அகலம்) 0.8, டேட்டம் வரிசை ஏ, பி, சி. 25 கட்டமிட்ட அளவாக இருப்பதால் இது 24.6 முதல் 25.4 வரை என்று ஆகிறது, சாய்வையும் சேர்த்தே பிடிக்கிறது. கட்டத்தில் ஏ என்றுதான் எழுத வேண்டும், ஏ1 என்று எழுதக் கூடாது. டார்கெட்டுகள் சேர்ந்து ஏ-வை உண்டாக்குகின்றன, தனித்தனியாக அவை டேட்டம் ஆகா.

ஏ முகத்துக்கும் ஒரு தட்டை டாலரன்ஸோ ப்ரொஃபைலோ கொடுங்கள். டார்கெட் போட்டதால் முகம் சரியாகிவிடாது. பேட் இல்லாத இடங்களில் அது எவ்வளவு விலகலாம் என்று எங்காவது சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பாட் வெல்ட் இடைவெளியில் மாட்டிக்கொள்வீர்கள்.

10. சி.எம்.எம்.காரரோடு உட்காருங்கள்

டிராயிங் சரியாக இருந்தும் அளவு ஒத்துவராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். சி.எம்.எம். என்பது புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் இயந்திரம். அதற்குப் புரோகிராம் போடுபவர் ஏ முகத்தில் இருபது புள்ளி தொட்டு, சராசரித் தளம் ஒன்றைப் பொருத்திவிடுவார். நல்ல எண்ணத்தில்தான், நிறையப் புள்ளி எடுத்தால் துல்லியம் என்பது பொதுவான பழக்கம். ஆனால் டிராயிங் கேட்பது மூன்று இடங்களை மட்டும். வில் போல் நிற்கும் ஃப்ளேஞ்சில் இந்த இரண்டு தளமும் ஒன்றல்ல.

இன்னொரு சிக்கல்: ஏ1 எங்கே என்று பி-யிலிருந்து சொல்கிறோம். ஆனால் பி-யை அளக்க ஏ வேண்டும். அதனால் முதலில் கையால் தோராயமாகத் தொட்டு நிலையைப் பிடித்து, பிறகு இயந்திரம் அதே புள்ளிகளைத் திரும்பத் திரும்பத் தொட்டு நெருங்க வேண்டும். இட்டரேடிவ் அலைன்மென்ட் என்று மென்பொருளில் இருப்பது அதற்குத்தான். ஒரே சுற்றில் நிறுத்திய புரோகிராமின் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

மேசையில் வெறுமனே வைத்து அளப்பதா, பேட் உள்ள ஹோல்டிங் ஃபிக்ஸ்சரில் வைத்து அளப்பதா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். மெல்லிய தகட்டுக்கு ஃபிக்ஸ்சர்தான் வழி.

11. டிராயிங் வெளியே போகும் முன்

முதல் பீஸ் வந்ததும் ஒரே பாகத்தை எடுத்து அதில் பெயிண்ட் மார்க்கரால் டார்கெட் இடங்களைக் குறியுங்கள். அதை உங்கள் கேஜில் ஐந்து முறை கழற்றி மாட்டி அளந்து, அதே பீஸை வெல்டிங் பக்கம் அனுப்பி அங்கேயும் ஐந்து முறை அளக்கச் சொல்லுங்கள். ஒரே கேஜில் ஐந்தும் சிதறினால் பேட், க்ளாம்ப், பின் இடைவெளி இவற்றில் கோளாறு. ஐந்தும் நெருக்கமாக இருந்து, இரண்டு ஊருக்கும் நடுவே மட்டும் வித்தியாசம் வந்தால் பேட் இடங்கள் ஒத்துப்போகவில்லை; மார்க்கர் குறியையும் அங்குள்ள பேடையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாலே தெரிந்துவிடும்.

பின்னால் ஃபிக்ஸ்சரில் யாராவது ஒரு பேடை நகர்த்தினால் டிராயிங்கும் ரிவிஷன் ஆக வேண்டும். ஃபிக்ஸ்சர் மாற்றப் படிவத்தில் ‘டேட்டம் டார்கெட் மாறுகிறதா’ என்று ஒரு வரி சேர்த்து, அதில் டிசைனர் கையெழுத்து இல்லாமல் பேடைக் கழற்றக் கூடாது என்று டூல் ரூமில் சொல்லிவிடுங்கள்.